கழற்றி வைத்த வயர்கள்

இந்த நகரத்தில் மின்சாரம் போவதில்லை, குதிக்கிறது. பலெர்மோக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்: வெளிச்சம் குதித்துவிட்டது. வீட்டுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கிறார்கள். அவணும் ஹீற்றரும் உடுப்புத் தோய்க்கும் மெஷினும் ஒன்றாக ஓடினால், கீழே கட்டட வாசலில் வரிசையாக நிற்கும் மீற்றர்களில் எங்களுடையது தன் சுவிச்சைத் தானே தட்டிவிடும். யாராவது படியிறங்கிப் போய் அதை மேலே தள்ளிவிட்டால் வெளிச்சம் திரும்பிவிடும். வந்த முதல் குளிர்காலத்தில் எங்களுக்கு இது தெரியாது. ஒரு மாலை வெளிச்சம் போனதும் அக்கா மெழுகுதிரி கொளுத்தினாள். அவளும் அத்தானும் நானும் அதைச் சுற்றி உட்கார்ந்து, அரசாங்கம் எப்போது திருப்பித் தருமோ என்று காத்திருந்தோம். ஏதோ கேட்க வந்த எதிர்வீட்டு அம்மா சின்யோரா பீனா, இருட்டில் மெழுகுதிரியைச் சுற்றி மூன்று பேர் பேசாமல் இருப்பதைக் கண்டு, எங்கள் சாமிக்கு ஏதோ செய்கிறோம் என்று நினைத்து, "ஸ்கூசாத்தெ, ஸ்கூசாத்தெ" என்று மன்னிப்புக் கேட்டபடி கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். அவருடைய வீட்டில் தொலைக்காட்சி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் படுக்கும்வரை இருட்டில் இருந்தோம். இந்தக் கதையைச் சொன்னால் இங்குள்ள தமிழர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அயல்வீட்டில் வெளிச்சம் இருப்பது தெரிந்த பிறகும், எங்களுக்கு இல்லாமல் போனது இயல்புதான் என்று மூன்று வளர்ந்த மனிதர்கள் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்படி இருக்க எங்களைப் பழக்கியவர்கள்மீது கோபம்தான் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் குதிக்கவில்லை, நிறுத்தப்பட்டது. அதற்கு முன் அது விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த காலமும் உண்டு. போன மின்சாரம் திரும்பி வரும்போது ஒரு வேகத்தோடு வந்து அடிக்கும். அப்படி அடித்த ஒரு நாளில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எரிந்தது. அன்றிலிருந்து அம்மா போட்ட கட்டளை, கறண்ட் போனதும் முதல் வேலையாக வீட்டிலுள்ள பிளக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், வயர்களைச் சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும், வந்து நிலைத்த பிறகுதான் திரும்பக் கொழுவ வேண்டும் என்பது. மூத்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. பிறகு மின்சாரமே இல்லாத, கழற்ற ஒன்றுமில்லாத வருடங்கள் வந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பேசியது. தொழில்நுட்பக் கல்லூரியில் எங்கள் கணினி வகுப்பு ஜெனரேற்றரில் நடந்தது. மண்ணெண்ணெய் கிடைத்தால் வகுப்பு. கிடைக்காத நாட்களில் தாளில் வரைந்த விசைப்பலகையில் விரல் பழக்கினோம். ஓர் இயந்திரம் இயங்காவிட்டால் வரிசைப்படி பார்க்க வேண்டும் என்று அங்கே படித்தேன். மின்சாரம் வருகிறதா, வயர் சரியா, உள்ளே பாகங்கள் இறுகி இருக்கின்றனவா, பிறகு திரை, பிறகு வன்தட்டு. அங்கிருந்து நான் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தது அந்த வரிசை ஒன்றைத்தான்.

இங்கே அந்த வரிசையை யாரும் கேட்கவில்லை. நான் வேறொரு சின்யோராவின் வீட்டில் தரை துடைக்கிறேன், அயன் பண்ணுகிறேன், அவருடைய தாயைக் குளிக்க வார்க்கிறேன். என்னுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருக்க விடும் அனுமதிக் காகிதம், வீட்டுப் பணிக்காகத் தரப்பட்டது. ஒருநாள் சின்யோரா, எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கணினிகூடத் தெரியுமாம் என்று சாப்பாட்டு மேசையில் வேடிக்கையாகச் சொன்னார். அவருடைய தம்பி நினோ மட்டும் சிரிக்கவில்லை. சியாகுல்லித் தோட்டங்களில் காலம் பிந்திப் பழுக்கும் மந்தரீனோ என்ற சின்னத் தோடம்பழத்தை வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர் அவர். வாடிக்கைக் கடைகளின் விபரங்கள் அட்டைகளாகக் கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றித் திங்கட்கிழமை பிளொப்பியில் கொண்டுவந்தால், பழக்காலம் தொடங்கும்போது அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொன்னார். ஜெர்மனியிலிருக்கும் பெரியம்மாவின் மகன் தந்த பழைய லப்டொப் ஒன்று என்னிடம் இருந்தது. அதன் பற்றரி செத்துவிட்டது. சுவரில் கொழுவினால் மட்டும் உயிரோடு இருக்கும். சின்யோரா வீட்டிலிருந்து வந்தபிறகு ஒவ்வொரு மாலையும் அட்டைகளை ஏற்றினேன். ஒரு கட்டுத்தான் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை, இங்கே வந்தபின் பிறந்த அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள். கேக் அவணில் இருந்தது, மெஷினில் உடுப்பு சுற்றிக்கொண்டிருந்தது. நான் சன்னல் இல்லாத நடு அறையில், அத்தானின் றேடியோ இருக்கும் அதே மேசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். திரை கறுத்தது. அறையும் கறுத்தது.

"அத்தான், ஹீற்றரைப் போட்டனீங்களோ?"

"குளிருது மச்சாள். ஹீற்றர் போடவும் உம்மட்டைக் கையெழுத்து வேண்டோணுமோ?"

"அவண் ஓடேக்கை போடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"ஓம், ஓம். நாங்கள் மூச்சு விடுறதுக்கும் ஒரு நேரசூசி எழுதி ஒட்டிவிடும்."

அவர் கீழே இறங்கிப் போனார். அதற்குள் அக்கா ஓடி வந்து இருட்டில் கைகளால் தடவி எல்லா வயர்களையும் இழுத்தாள்.

"இஞ்சை அப்பிடி அடிக்காது அக்கா, விடு."

"நீ சும்மா இரு. ஃபிரிட்ஜ் எரிஞ்சது மறந்துபோச்சோ? வரேக்கை அடிக்கும்!"

வெளிச்சம் வந்தது. அக்கா கொஞ்சநேரம் பல்பைப் பார்த்து நின்று, நிலைத்துவிட்டது என்று திருப்தியானபின், சுருட்டி வைத்தவற்றை ஒவ்வொன்றாகக் கொழுவினாள். நான் சமையலறையில் கேக்கைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்து லப்டொப்பின் பொத்தானை அழுத்தினால், ஒன்றுமில்லை. விசிறி இல்லை, வெளிச்சம் இல்லை. நான் வரிசையைத் தொடங்கினேன். பிளக்கைக் கழற்றி, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று பொத்தானை அழுத்திப் பிடித்தேன். செத்த பற்றரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். சமையலறைப் பிளக்கில் கொழுவிப் பார்த்தேன். கத்தி நுனியால் அடி மூடியைத் திறந்து மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து இறுக்கினேன். அடாப்டரிலிருந்து மின்சாரம் வருகிறதா என்று அளக்கும் மீற்றர் மட்டும் என்னிடம் இல்லை.

"போயிட்டுதோ?" என்றார் அத்தான், வாசலில் நின்று.

"திங்கக்கிழமை குடுக்கவேணும்."

"நினோ வேறை ஆள் பிடிப்பான், விடும். நாங்கள் துடைக்கத்தானே வந்தனாங்கள் மச்சாள்? நான் பத்து வருசம் கணக்குப் படிப்பிச்சனான். மொண்டெல்லோவிலை கோப்பை கழுவேக்கை ஒருத்தரும் என்னட்டை ஒரு சமன்பாடு கேக்கேல்லை."

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் எனக்கு ஹீற்றரைவிட அதிகமாக எரிந்தது. லப்டொப்பையும் அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டு, மாலையில் கடைகள் திரும்பத் திறந்ததும் பஸ் எடுத்துக் கணினிக் கடை ஒன்றுக்குப் போனேன்.

கடைக்காரர் பையிலிருந்து லப்டொப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "யாருடையது?" என்றார். என்னுடையது என்றேன். "சரி, ஆனால் யாருடையது?" என்றார். திரும்பவும் என்னுடையது என்றேன். அவர் பொறுமையோடு, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல் சொற்களை மெதுவாக்கி, உன் சின்யோராவை எனக்கு ஃபோன் பண்ணச் சொல் என்றார். ரசீது இருக்கிறதா என்றும் கேட்டார். கடையில் நின்ற இரண்டு பெண்கள் என் பையைப் பார்த்தார்கள். அடாப்டரைக் கொழுவிப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் கொழுவவில்லை. பொத்தானை ஒருதரம் அழுத்தி, "ஸ்கேதா மாத்ரெ" என்று உதட்டைப் பிதுக்கினார். தாய்ப்பலகை எரிந்துவிட்டதாம். இங்கே விட்டுவிட்டுப் போ, சின்யோராவோடு பேசிக்கொள்கிறேன் என்றார். சுவரில் கொழுவாத ஓர் இயந்திரம் செத்துவிட்டது என்று அவர் எதைப் பார்த்து முடிவு செய்தார்? என் முகத்தைப் பார்த்துத்தான். நான் என் சொந்தக் கைகளால் அதை அவர் முன்னிருந்து எடுத்துப் பையில் போட்டேன். சத்தம் போடவில்லை. அந்த மொழியில் எனக்குச் சத்தம் போடத் தெரியாது. நன்றி சொல்லவும், மன்னிப்புக் கேட்கவும், இதை எங்கே வைக்க என்று கேட்கவும்தான் தெரியும். எங்கள் வீடு இருக்கும் சீசாவரை பஸ்ஸில் நின்றபடி, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவற்றைத் தமிழில் ஒழுங்குபடுத்தினேன். அவை எல்லாம் மிகத் திருத்தமாக இருந்தன.

வீட்டில் பிறந்தநாள் முடிந்தது. வந்தவர்களின் சத்தத்தில் அன்று ஒருவரும் றேடியோ போடவில்லை. நான் லப்டொப்பை மேசையில் வைத்து, மறுநாள் முழுவதும் அதே படிகளைத் திரும்பச் செய்தேன். அத்தானோடு பேசவில்லை. ஞாயிறு மாலை, சிற்றலையில் தமிழ்ச் செய்தி வரும் நேரத்துக்கு, அவர் வழக்கம்போல் கதிரையை இழுத்துப் போட்டார். அவருடைய தாய் இடம்பெயர்ந்து வன்னியில் இருக்கிறார். கடிதம் வருவதில்லை. செய்தியில் ஊர்ப்பெயர்கள் வரும்போது அத்தான் மூச்சைப் பிடித்துக்கொள்வார். தாய் இருக்கும் ஊரின் பெயர் வராவிட்டால் எழுந்து போய்ச் சாப்பிடுவார். அன்று அவர் றேடியோவின் சுவிச்சைத் திருப்பினார். "டப்" என்று ஒரு சத்தம். எரிந்த பிளாஸ்ரிக் மணம். பின்பக்கத்திலிருந்து நூல்போலப் புகை.

நான் பிளக்கை இழுத்தேன். கையில் வந்த கறுப்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அது லப்டொப்பின் அடாப்டர். லப்டொப்பில் ஒரு நாள் முழுவதும் நான் கொழுவிக்கொண்டிருந்தது, கடைவரை பையில் காவிக்கொண்டு போனது, றேடியோவின் அடாப்டர்.

"அக்கா, நேற்று இதுகளைக் கொழுவினது நீதானே?"

"ஓம். ரெண்டும் கறுப்புத்தானே. ரெண்டும் வடிவாப் போய் இறுகினது."

இறுகினதுதான் பிழை. இரண்டு வயர்களின் நுனியும் ஒரே பருமன். மாற்றிக் கொழுவினால் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்ப் பொருந்திவிடும். பொருந்தியதைப் பார்த்து நான் மேலே ஒன்றும் யோசிக்கவில்லை. ஒன்றுக்குத் தேவையானதில் பாதிதான் கிடைத்தது, அது எழும்பவில்லை. மற்றதற்குத் தாங்கக்கூடியதைவிட இரண்டு மடங்கு கிடைத்தது, அது எரிந்தது. சரியான அடாப்டரைக் கொழுவி அழுத்தினேன். வன்தட்டு உறுமியது, திரையில் எழுத்துகள் ஓடின. என்னுடைய கடைகளின் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

அத்தான் றேடியோவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "உம்மடை சாமான் பிழைச்சிட்டுது மச்சாள்," என்றார். "என்ரை சாமான் போயிட்டுது." குரலில் கோபம் இல்லை. றேடியோவைத் திருப்பிப் பார்த்து, "அம்மா நிக்கிற பக்கம் ஷெல் அடி எண்டு வெள்ளிக்கிழமை சொன்னவங்கள்," என்றார். அக்கா அடுப்படியில் நின்று, சேலைத் தலைப்பைக் கடித்தபடி அவரையே பார்த்தாள். ஹீற்றருக்காக அவரைத் திட்ட நான் இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் என்னிடமே கிடந்தன. சொல்ல வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை. ஒரு நகரத்துக்கு வருடக்கணக்கில் வெளிச்சம் கொடுக்காமல் விட்டவர்களும், என் முகத்தைப் பார்த்துத் தாய்ப்பலகைக்குத் தீர்ப்புச் சொன்னவரும் வேறெங்கோ நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மிச்ச அட்டைகளைத் தட்டினேன். அத்தான் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்தார். அதில் மிலானோ, தொரினோ என்று ஊர்ப்பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் தேடும் ஊர் அதில் வரப்போவதில்லை.

திங்கட்கிழமை சியாகுல்லிக்குப் போனேன். நினோ பிளொப்பியைப் போட்டுப் பார்த்து, "பிராவா, பிராவிஸ்ஸிமா" என்றார். வேலை உனக்குத்தான் என்றார். பிறகு, காகிதத்தில் மட்டும் வீட்டுப் பணி என்றே இருக்கட்டும் என்றார். அதை மாற்றப் போனால் வெளிநாட்டவர் காகிதம் பார்க்கும் கெஸ்தூராவில் வரிசை, கேள்வி, உனக்கும் நல்லதில்லை. காலையில் வந்ததும் அலுவலகத்தை ஒருதரம் துடைத்துவிட்டுத் தட்டத் தொடங்கு, அப்போது காகிதம் பொய் சொன்னதாகவும் ஆகாது என்றார். அவர் மனதில் இது ஒரு நல்ல ஏற்பாடு. என் தோளில் தட்டி, முந்திப் பழுத்த தோடம்பழம் ஒரு பை நிறையவும் தந்தார். நான் "சி" என்றேன். இதை வாசிக்கும் உங்களில் சிலர், ஏன் ஓம் சொன்னாய் என்று கேட்பீர்கள். ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். இங்கே இருப்பவர்கள் கேட்கமாட்டீர்கள்.

றேடியோவின் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். எரிந்த பாகம் எது என்று தெரியும், அது விற்கும் கடையும் தெரியும், லப்டொப்பைக் கொண்டுபோன அதே கடைதான். போவேன். யாருடையது என்று கேட்டால், எங்களுடையது என்று சொல்வேன். அவர் எத்தனை தரம் கேட்டாலும் அதையே சொல்வேன்.

அந்தத் திங்கட்கிழமை சியாகுல்லியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஒருவரும் இல்லை. அக்கா வேலைக்குப் போகுமுன், வெளியே மழை இருட்டுக் கட்டியதைக் கண்டு, கறண்ட் போய் வந்து அடிக்கும் என்று பயந்திருக்க வேண்டும். றேடியோ, லப்டொப், ஹீற்றர், அயன், தொலைக்காட்சி எல்லாவற்றின் வயர்களும் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, சுருட்டி, றிபனால் கட்டி, மேசையில் வரிசையாக இருந்தன. யாராவது அவசரமாக வந்து புறப்படுங்கோ என்றால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத் தயாராக வைத்ததுபோல் இருந்தன. சுவரில் பிளக்கின் துளைகள் வெறுமையாக என்னைப் பார்த்தன. நான் தோடம்பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, எது எதற்குரியது என்று திருப்பி வாசித்து, திரும்பவும் கொழுவத் தொடங்கினேன்.