அந்த 'நான்'

காலை ஒன்பதரைக்கு வீட்டு முகப்பில் வெயில் விழுந்ததும், வான்மதி கையில் ஒரு பழைய செங்கல்லோடு வாசலுக்கு வந்துவிடுவாள். காதில் வங்கி வேலைக்கான மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும், மியூட்டில். செங்கல்லைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவாள். "அரை ஷேடு தூக்கலா இருக்கு." மீட்டிங்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "நோ அப்டேட்ஸ்" என்றுவிட்டு அடுத்த செங்கல்லை எடுப்பாள். இந்தக் கோடை முழுக்க இதே கூத்துதான்.

திருப்பூர்க்காரி. அப்பா சாயப்பட்டறை மாஸ்டர். "டியூப்லைட்ல பாத்தா எல்லாமே மேட்ச்தானுங்க, வெயில்ல புடிச்சாத்தான் பல்லைக் காட்டும்" என்பாள். கணவன் முகிலனுக்குச் சட்டை எடுக்கப் போனால், வெயிலில் பார்க்கிறேன் என்று அதோடு வெளியே நடந்துவிடுவாள். கடை அலாரம் அலறும். முகிலன் அந்நேரம் அவளைத் தெரியாதவன்போல் நிற்பான்.

அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் அவர்கள் வாங்கியது, எட்டு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசையில் ஐந்தாவது. விக்டோரியா ராணி காலத்துப் பாணி. எட்டுக்கும் ஒரே சூளைச் செங்கல். வரலாற்றுச் சிறப்புள்ள வரிசை என்று அறிவிப்பதற்காக நகரசபை பட்டியல் போட்டது. ஏழு வீடுகள் 'கான்ட்ரிப்யூட்டிங்', அதாவது வரிசையின் சிறப்புக்குப் பங்களிப்பவை. இவள் வீடு மட்டும் 'நான்-கான்ட்ரிப்யூட்டிங்', பங்களிக்காதது. முன்பிருந்தவர் செங்கல் தெரியாமல் பிளாஸ்டிக் பலகை அடித்து மூடியிருந்ததுதான் காரணம். அது அவள் காதில் ஏறவே இல்லை.

"நானுங்களா கான்ட்ரிப்யூட் பண்ணல? ஸ்னோ விழுந்தா எட்டு வாசலும் க்ளீன் பண்றது யாருங்க?"

"வீட்டத்தான் சொல்றாங்க, உன்னையில்ல."

"அந்த 'நான்' போயே ஆகணுங்க."

"அது முனிவருங்களுக்கே போகலையாமா," என்றான் முகிலன்.

பலகையைப் பிரித்தால், உள்ளே சுவர் ஜோராக இருந்தது. ஆணி அடித்ததில் மூன்று செங்கல் மட்டும் உடைந்திருந்தன. அந்த மூன்றுக்காக, இடித்த கட்டடங்களின் செங்கல் விற்கும் கிடங்குகளில் அலைந்து நாற்பது செங்கல் கொண்டுவந்தாள். கார் டிக்கி இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. கடைசியில் அந்த நாற்பதில் மூன்று வெயிலுக்கும் பல்லைக் காட்டாமல் பொருந்தி, சுவரில் ஏறின.

சென்ற வியாழக்கிழமை நகரசபை அதிகாரியம்மா மறுபடி பார்க்க வந்தார். மாற்றிய செங்கல் என்று தெரிந்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்து, "நீயா வாயத் தொறக்காத" என்று முகிலன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அதிகாரியம்மா சுவரை இரண்டு முறை நடந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. தாளில் 'நான்' என்பதைப் பென்சிலால் அடித்தார். வான்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதிகாரியம்மா நன்றி சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

கார்க் கதவு திறக்கிற வரைக்கும்தான் அவளால் பொறுக்க முடிந்தது.

"ஒன் மினிட், மேடம்!"

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து, ஜன்னலுக்குக் கீழே, வெயில் நேராக விழும் ஒரு செங்கல்லின்மேல் அவர் விரலை வைத்தாள்.

"திஸ் ஒன் இஸ் மைன்."