தொண்ணூறைத் தாண்டாத கார்

சாசாக் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணப் பெண்ணுக்குத் தலை அலங்காரம் என்றால் ராதோய்காவைத்தான் கூப்பிடுவார்கள். தன் பழைய காரில் ஊர் ஊராகப் பறப்பாள். வளைவில்கூட பிரேக்கில் கால் வைக்கமாட்டாள். அவள் கணவன் திஹோமிர், பள்ளிக்கூடத்துச் சமையல்காரன், உயிருக்குப் பயந்து பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தான்.

ஒரு பெருமழைக்குப் பிறகு கார் கிளம்பவில்லை. எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார் மெக்கானிக். புதியது வாங்கக் கட்டுப்படியாகாது. கெட்டுப்போன அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஸ்லாவ்கோவிடம் போனாள்.

அவன் பெட்டியின் மேலிருந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டான். "ஒரு எழுத்து மாறினாலும் வேலைக்காகாதுக்கா. இந்தாங்க, அச்சு அசல் இதேதான். இதோட சாவியையும் சாவி போடற பாகத்தையும் சேர்த்து எடுத்துக்கங்க. வேற சாவி போட்டா உங்கள திருடின்னு நெனச்சுக்கும்."

"எந்த வண்டியோடது?"

"மருந்துக் கம்பெனி வண்டி. பின்னாடி எவனோ இடிச்சிட்டான். முன்பக்கம் ஒரு கீறல் இல்ல."

மாட்டியதும் கார் கிளம்பிவிட்டது. ஆனால் நெடுஞ்சாலையில் முள் தொண்ணூறில் நின்றது. எவ்வளவு மிதித்தும் அசையவில்லை. ஒரு பால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவளை முந்திப் போனது.

ஸ்லாவ்கோவை போனில் பிடித்தாள். அவன் சிரித்தான். "டிரைவருங்க பறக்கக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் அந்தப் பெட்டிக்குள்ள வேகத்துக்குப் பூட்டு போட்டிருக்கான் போல. வெள்ளிக்கிழமை வாங்க, லேப்டாப்ப மாட்டி எடுத்துவிட்டுடறேன். காசெல்லாம் வேணாம்."

இரவுச் சாப்பாட்டின்போது அவள் இதைச் சொல்லிப் புலம்பினாள். திஹோமிர் தலைகுனிந்து சூப்பைக் குடித்தான். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் காரில் ஏறி உட்கார்ந்தான்.

"இந்த ரோட்டோரம் இவ்வளவு பிளம் மரமா? இத்தனை நாள் உன்கூட வந்தப்பெல்லாம் கண்ண மூடிக்கிட்டே வந்துட்டேன்."

"வாய மூடிக்கிட்டு வா," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ஸ்லாவ்கோ லேப்டாப் பழுது என்றான். அடுத்த வாரம் கேபிள் தொலைந்துவிட்டது என்றான். அவன் மேசைமேல் துணி மூடிய தட்டு ஒன்று இருந்தது. அவள் துணியை விலக்கினாள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட 'பிதா' என்கிற அடுக்குப் பலகாரம். ஓரத்தை அப்படி முறுக்குவது திஹோமிர் மட்டும்தான்.

"இது எங்க வீட்டு அடுப்புல வெந்ததாச்சே."

"ரெண்டாவது தட்டுக்கா," என்று ஸ்லாவ்கோ தலையைச் சொறிந்தான். "பூட்ட எடுக்காதேன்னு மனுஷன் கெஞ்சறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

ராதோய்காவுக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

"கேபிள் தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டும். அடுத்த தட்டுல பாதி எனக்கு. அவர்கிட்ட மூச்சு விடாத."