வாட்டர்பரி கடிகாரத்தின் வெளிச்சம்

சவூதியில், தம்மாம் கடைத்தெருவில் நிற்கிறேன். ரியாத் வண்டி கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கடிகாரம் பழுதுபார்க்கும் காயல்பட்டினத்து பாய் ஒருவர் என் பழைய அலாரம் கடிகாரத்தைத் திறந்து வைத்திருக்கிறார். இருட்டில் ஒளிரும் பூச்சு முள்ளில் உதிர்ந்துபோயிருக்கிறது. முள்ளில் பூச, எண்களிலிருந்து கொஞ்சம் சுரண்டிப் பசையில் குழைக்கிறார்.

ஊர்ப்பக்கத்து ஆளைக் கண்டால் என் வாய் சும்மா இருக்குமா? சைட்டில் எங்கள் அமெரிக்க ஃபோர்மேன் சொன்னதை அவிழ்த்துவிடுகிறேன்.

"இது வாட்டர்பரியில செஞ்சது பாய். அமெரிக்காவுல அதுக்குப் பித்தளை ஊருன்னே பேரு. அங்க இந்தப் பூச்சு பூசின பொம்பளப் பிள்ளைங்க, வெளையாட்டுக்கு நகத்துலயும் பல்லுலயும் தடவிக்கிட்டு இருட்டுல மின்னுவாங்களாம்."

பாய் சிரித்துக்கொண்டே பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிறார்.

"அப்படித்தான் பாய் அவங்களும் கூராக்குனாங்க. பூச்சுல ரேடியம் இருந்துச்சு. அதுலயே பல பேரு செத்தாங்க."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அண்ணாச்சி. பதினோரு வருசமா இப்படித்தான் செய்யுதேன்."

மறுபடி பிரஷைத் தூக்குகிறார். உதட்டுக்குக் கிட்டே வந்ததும் கை நின்றுவிடுகிறது.

"அவங்களுக்கு மொதல்ல எங்க வலிச்சுதாம்?"

"பல்லுல. அப்புறம் தாடையில."

பாய் பிரஷைக் கீழே வைக்கிறார். இடது கன்னத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்க்கிறார்.