பூவரசன் இடம் மாற்றிய எழுத்துகள்

பழைய கம்ப்யூட்டருக்குள் காலையிலிருந்தே டக், டக் என்று ஒரு சத்தம். கலைமதி இரண்டு வரி அடிப்பாள், நிறுத்திக் காது கொடுப்பாள், மறுபடி அடிப்பாள். பாப்பாரப்பட்டியில் இந்த நோட்டீஸ் அடிக்கும் கடையை அவளும் தம்பி பூவரசனும் சேர்ந்து வைத்தார்கள். போன ஆடியில் காய்ச்சல் கண்டு பூவரசன் போய்விட்டான். அவன் லினக்ஸ் போட்டுக் கொடுத்த மெஷின் இருந்தது. இப்போது அதன் ஹார்டு டிஸ்க்கும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

தீவனம் வெட்டும் மெஷினில் வலது சுண்டுவிரலைக் கொடுத்தவள் கலைமதி. தமிழ் விசைப்பலகையில் ந, ச, ய, ஞ எல்லாம் அந்த விரலுக்கு உரியவை. அவள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, பூவரசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவற்றை இடம் மாற்றினான். ஔ இருந்த இடத்துக்கு ந வந்தது. மற்றவை எண்வரிசைக்கு ஏறின.

"ஔவையார் வூட்டு விசேஷம்னு யாராச்சும் வந்தா சொல்லுக்கா, அப்ப பாத்துக்கலாம்" என்று சிரித்தான்.

அவனோடு படித்த குமார் ஓசூரில் வேலையில் இருக்கிறான். புதிதாக வாங்கிய மெஷினுக்கு எல்லாவற்றையும் மாற்ற அவன்தான் போனில் வழி சொன்னான்.

"பழசுல என்னென்ன புரோகிராம் இருக்குன்னு அதுவே லிஸ்ட் குடுக்கும்ங்க. அத பென்டிரைவ்ல புதுசுக்குக் கொண்டுபோயி, இதெல்லாம் போடுன்னு சொன்னா அதுவே இறக்கிக்கும். நான் சொல்றவரைக்கும் பழச ஆஃப் மட்டும் பண்ணாதீங்கக்கா."

அவன் அனுப்பிய கட்டளைகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். புது மெஷினில் வரிகள் ஓடத் தொடங்கின. அவளால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். பேரனின் காதுகுத்து நோட்டீசுக்காகப் பச்சியப்பன் காத்திருந்தார்.

"சந்தையில மாட்டப் புடிச்சி வூட்ல கட்டறதுக்கே இவ்வளவு நேரம் ஆகாதும்மா" என்றார்.

பழைய மெஷினைத் தொட்டாள். சுட்டது. கொல்லையில் போர் மோட்டார் சூடேறினால் நிறுத்தி ஆறப்போடுவது அவள் வீட்டுப் பழக்கம். லிஸ்ட்தான் வந்துவிட்டதே என்று சுவிட்சை அணைத்தாள். சத்தம் நின்றது ஆறுதலாகக்கூட இருந்தது.

புதியதில் எல்லாம் வந்து சேர்ந்தன. 'நிகழும்' என்று நோட்டீசைத் தொடங்கினாள். திரையில் ஔ வந்து நின்றது. ய அடித்தால் எட்டு விழுந்தது.

"பூவரசன் உள்ளிருக்கிற ஃபைல கையாலயே மாத்தியிருக்கான்க்கா" என்றான் குமார். "லிஸ்ட்ல புரோகிராம் பேரு மட்டும்தான் வரும், அவன் மாத்துனது வராது. நான்தான் முன்னாடியே கேட்டிருக்கணும். பழசிலிருந்து அந்த ஒரு ஃபைல எடுத்துரலாம்."

கலைமதி அணைந்து கிடந்த பழைய மெஷினைப் பார்த்தாள். "ஆஃப் பண்ணிட்டேன் குமாரு. சூடா இருந்துச்சு."

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். காற்றாடி சுற்றியது, டக் டக் கேட்டது, திரை கறுப்பாகவே இருந்தது. குமார் சொன்ன வேறு வழிகளிலும் அந்த டிஸ்க் கண்ணில் படவில்லை.

"வுடுங்கக்கா. எத எங்க வெச்சான்னு சொல்லுங்க, நான் எழுதி அனுப்பறேன்."

"ந... ஔ எடத்துல." அதற்குமேல் வரவில்லை. பார்க்காமலே அடித்துப் பழகியவள். யோசிக்க யோசிக்க எழுத்துகள் கலைந்துபோயின. ச ஏழிலா, ஒன்பதிலா? எழுந்து வாசல்வரை போய் வந்தாள். பிறகு போனை மேசையில் வைத்து, பழைய விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பச்சியப்பண்ணா, உங்க நோட்டீஸ மெதுவாப் படிங்க."

அவர் தாளை விரித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாசி மாதம் என்று அவர் படிக்க, விரல் போய் நின்ற இடத்தைக் கண் திறந்து பார்த்தாள்.

"ச, ஏழு."

ஓசூரில் குமார் தட்டுவது போனில் கேட்டது.

"ஞாயிற்றுக்கிழமை" என்றார் பச்சியப்பன்.

விரல் அந்தரத்தில் நின்றது. அவர் மறுபடி படிக்கவில்லை. மோதிரவிரல் தானாக மேலே போய் இறங்கியது.

"ஞ, ஒன்பது" என்றாள். "ய, எட்டு. படிங்கண்ணா."