அண்ணி தூக்கி வந்த கம்ப்யூட்டர்

சாம்பல் நிறம், மேலே ஒரு கைப்பிடி. பார்த்தால் தையல் மெஷின் பெட்டி மாதிரிதான் இருந்தது. மூடியைத் திறந்தால் அந்த மூடியே கீபோர்டு. அதன் பின்னால் தபால் உறை அளவுக்கு ஒரு திரையை நிமிர்த்தி வைக்க வேண்டும். துபாயிலிருந்து அண்ணியின் தம்பி கொண்டுவந்தது. பிள்ளைகள் வீட்டில் விளையாடும் கம்ப்யூட்டர்களைச் செய்து பேர் வாங்கிய கம்பெனி, ஆபீஸ் கம்ப்யூட்டர் செய்கிற வேலையெல்லாம் செய்யட்டும் என்று கையில் தூக்கிப் போகும்படி செய்த மாடலாம். என் அண்ணன் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. "வெளையாட்டுச் சாமான்" என்று பேர் வைத்துவிட்டான்.

கோவில்பதாகையில் எங்கள் வீட்டு மருமகளாக வருவதற்கு முன்னால் அண்ணி டைப்பிஸ்ட். கல்யாணத்தோடு வேலையை விட வைத்தது என் அம்மா. அண்ணி அதைச் சொல்லிக்காட்டியதில்லை, மறந்ததும் இல்லை. மத்தியானம் சமையல்கட்டு ஒழிந்ததும் மெஷினைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். கம்ப்யூட்டர் என்றால் ஏசி அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும் என்று கேள்விப்பட்டிருந்த காலம். அதனால் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் புழுங்கிக்கொண்டிருப்போம். அம்மாவே, "அதுக்குக் காத்து வருதா பாருடி" என்பார். இன்று மடிக்கணினியைத் தலையணை மேல் போட்டுத் தட்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தேவை என்று தெரிந்ததும், பிறந்த வீட்டுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, மெஷினோடு பஸ் ஏறினார் அண்ணி. கோர்ஸ் படித்த சர்டிஃபிகேட் இல்லாதவரைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கண்ணாடி அறைக்குள் விட முடியாது என்றார் மேனேஜர்.

"நான் உள்ள வரல சார். என் மெஷின எடுத்துகினு வந்துகீறேன்."

வராந்தா பெஞ்சில் பெட்டியைத் திறந்தார். வெளிச்சம் பட்டால்தான் அந்தத் திரையில் எழுத்தே தெரியும். கரண்டு வேண்டாம், உள்ளே பேட்டரிக் கட்டைகள் போட்டிருந்தோம். மேனேஜர் கொடுத்த சரக்குப் பட்டியலை அண்ணி அடித்துக்கொண்டிருக்கும்போதே எஸ்டேட் முழுக்க கரண்டு போனது. கண்ணாடி அறைக்காரர்கள் வேர்த்து வழிய வெளியே வந்தார்கள். அண்ணியின் விரல் நிற்கவில்லை. திரையைப் பார்க்க நெருங்கிய மேனேஜர், பழக்க தோஷத்தில், பெஞ்சுக்கு முன்னால் ஷூவைக் கழற்றிவிட்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எப்பம்மா ஜாயின் பண்றீங்க?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார் என்று நினைத்தேன்.

"நாளைக்கே, சார்."

அந்த நிமிஷம் அண்ணியை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. திரும்பும் பஸ்ஸில் மடியில் பெட்டி கனத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அரிசியைப் புடைத்து முடித்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா, நாளைக்கேவா?" என்றார். "அப்ப காலையில நான் ஒலை வெக்கிறேன். நீ தூங்கி எய்ந்து போ."