இரண்டு பட்டனும் ஒரு எலுமிச்சம்பழமும்

போன வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார்.

“எதுக்குங்க இது?”

“மெஷின் சட்டக் கையத்தான் வெட்டிச்சு. வெரலு தப்பிச்சிட்டுல்லா!”

தாராவியில் பெல்ட்டுக்குத் தோல் வெட்டும் பட்டறையில் அவருக்கு வேலை. மேலிருந்து இரும்புத் தட்டு இறங்கி, தோல்மேல் வைத்த வெட்டு அச்சை அழுத்தும், தோல் துண்டாகும்.

அவர் சிரிக்கிறார். நான் விரல்களை எண்ணுகிறேன். பத்து. மறுபடியும் எண்ணினேன்... குக்கர் விசில் தாமதமானாலே தெருவுக்கு ஓடிவந்து நிற்கிறவள் நான்!

மறுநாள் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் பட்டறைக்குப் போனேன். மெஷினில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் புதிதாகத் தொங்கின. முதலாளி அண்ணாச்சியே கட்டினாராம்.

“இனி ஒண்ணும் ஆவாது, தங்கச்சி. டென்ஷன் நக்கோ, கவலப்படாத!” என்றார்.

அந்தப் பழைய மெஷினில் கைக்கொன்றாக இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் தட்டு இறங்கும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே புரிகிறது — இரண்டு கையும் பட்டனில் இருந்தால், எந்தக் கை உள்ளே மாட்டும்?

ஆனால் இடது பட்டனில் தோல் துண்டை வைத்து, அமுங்கியே இருக்கும்படி டேப் சுற்றியிருந்தார்கள்.

“இது என்னதுங்க?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

“ஒரு கை தோலப் பிடிக்கணும்லா, பிள்ள? அப்பந்தான் ஜல்தி ஓடும்.”

“அந்தக் கை போயிட்டா?”

“அதுக்குத்தான் எலுமிச்சம்பழம் கட்டியாச்சே, மதினி!” என்றார் பக்கத்து மெஷின்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் மகளிர் குழுவுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த அக்கா முன்பே சொல்லியிருந்தார்: தப்பித்ததையும் விபத்தாகவே எண்ணி, காரணத்தைத் தேட வேண்டும். முதலில் மெஷினைச் சரிசெய். ‘கவனமாக இரு’ என்பதெல்லாம் அப்புறம்தான். நாம் என்ன செய்கிறோம்? ஜிலேபி வாங்குகிறோம்!

பையில் எடுத்துப்போன சட்டையை அண்ணாச்சி முன்னால் விரித்தேன். இடது கை நுனி, கத்தரித்தது போல நேராகப் போயிருந்தது.

அவர் அதைத் தடவிப் பார்த்தார். எழுந்துபோய், டேப்பைத் தன் நகத்தாலேயே கிழித்தார்.

“தோல வச்சிட்டுக் கைய வெளிய எடு. பொறவு ரெண்டையும் அமுக்கு. மெதுவா ஓடட்டும்டே.”

எலுமிச்சம்பழத்தை நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. பயந்தவளுக்கு எல்லாமும் வேண்டும்.

இப்போது தினமும் அரை மணி லேட்டாக வருகிறார். வரட்டும்... முழுசாக வருகிறாரே!