சவாசனத்துக்கு நடுவே ஹாரன்

இன்று காலை யோகா வகுப்பு. முடிவில் எல்லோரும் சவாசனத்தில் கண்மூடிக் கிடந்தோம்.

வாசலில் பைக் ஹாரன். பக்கத்துப் பாயில் மீனாவின் மூச்சு மாறியது. தன் வீட்டுக்காரரின் ஹாரன் அவளுக்குத் தெரியாதா?

அடித்து அடித்துச் சலித்தவர் கதவருகிலேயே வந்துவிட்டார்.

"டீச்சர், ஆசனமெல்லாம் முடிஞ்சிருச்சுல்ல? சும்மாதான படுக்க வச்சிருக்கீக? அவளை அனுப்புங்க."

"இதுதாங்க கடைசி ஆசனம். இவ்வளவு நேரம் முறுக்குன உடம்பு இதுலதான் அடங்கும். பாதியில எந்திரிச்சா தலை சுத்தும்."

"அதை வீட்ல வந்து படுத்துக்கிறட்டும்."

அந்த வீட்டில் காலையில் அவளை யார் படுக்க விடுவார்கள்? மீனா எழுந்தாள், தள்ளாடினாள், சுவரைப் பிடித்தபடி போனாள். பாயைக்கூடச் சுருட்டவில்லை.

தினமும் மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே குறட்டை விடும் மனிதர் இவர்.

இன்றைக்கு அந்த நேரம் பார்த்து அங்கே போய் ஹாரன் அடிக்கப் போகிறேன். வண்டியோடு யாரெல்லாம் வருகிறீர்கள்?